இரண்டாவது பச்சைப் பொத்தான்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது மகள் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாடம் என்றால் முதலில் என்னைத்தான் சோதித்துப் பார்ப்பாள், எனக்குத் தெரியாது என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

“அம்மா, கிவ் எ ஹேண்ட்னா இன்னா?”

“உதவி பண்றது.”

“அது எனுக்கே தெரியும். இன்னொரு அர்த்தம் கீதாம். ரெண்டையும் வச்சி வாக்கியம் எழுதணும்.”

“கை தட்றது” என்றேன்.

அவள் வாயைப் பிளந்தாள். “உனுக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“கம்பெனில சொல்லுவாங்க.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புத்தகத்தில் இல்லாத அர்த்தம் இன்னும் நாலைந்து சொல்லியிருப்பேன். வெங்காயத்தை வாணலியில் போட்டுவிட்டு அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன், அடிப்பிடிக்கும் வரை.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அக்கா போன் செய்திருந்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குப் பதினோரு வருஷ வேலை. அங்கே பிரஸ் ஷாப்பில் என் பக்கத்து மிஷினில் நின்றவள் அவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. நம்பரை அழிக்காமலும் கூப்பிடாமலும் இருந்தது நான்தான்.

போனை எடுத்ததும் “சாப்ட்டியா?” என்றாள், நேற்று பஸ்ஸில் ஒன்றாக வந்தவள் மாதிரி. பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“கேஸு முடியப் போவுதுடி. அடுத்த வாரம் வியாழக்கெழம கடைசி விசாரண. கூட வேல செஞ்சவங்க ஒருத்தராச்சும் எழுதிக் குடுக்கணும்னு வக்கீலம்மா சொல்லிக்கினு கீறாங்க. நம்ம ஷாப்புல ரெண்டு பேரு சேந்துதான் பிரஸ் ஓட்டுவோம், சூப்பர்வைசருக்கும் தெரியும்னு. ஒரே ஒரு பேப்பர்தான். ஒரு கை குடுப்பியா?”

“வேற யாருகிட்ட கேட்டக்கா?”

“எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன். நீதான் கடைசி.”

“பாக்கறேன்க்கா” என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பேப்பர் கிடைத்தால் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. மிஷினில் இல்லை, உட்கார்ந்து பீஸ் பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில். கிடைக்காவிட்டால் ‘சொந்த அஜாக்கிரதை’ என்று கம்பெனி எழுதியது அப்படியே நிற்கும். எழுதிக் கொடுத்தால் எட்டு வருஷம் முன்பு நான் கையெழுத்துப் போட்ட வேறொரு பேப்பர் பொய் என்று ஆகும். பொய் வாக்குமூலம் கொடுத்தவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

எங்கள் ஷாப்பில் ஒரு நாளைக்கு நூறு தடவை ‘கை குடு’ என்று காதில் விழும். தட்டு தூக்கக் கை கொடுப்பார்கள். கழிப்பறைக்குப் போனவளின் மிஷினில் நிற்பதும் கை கொடுப்பதுதான். பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பின்னால் ஓடி வருகிறவளுக்காக டிரைவரிடம் வாய்ச்சண்டை போடுவதும் அதில் சேர்த்திதான். அந்தக் கடைசி வகையில் அக்கா கெட்டிக்காரி. டிரைவருடைய சம்பளச் சீட்டு முதல் அவர் மாமியார் வரைக்கும் விசாரித்து இரண்டு நிமிஷத்தை ஓட்டிவிடுவாள்.

ஷிப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. வெளியாட்களிடம் அதை யாரும் சொல்லமாட்டோம்.

பிரஸ் என்பது பெரிய இரும்பு மிஷின். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். மிஷினின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பச்சைப் பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இடது கை ஒன்றில், வலது கை ஒன்றில். கை இரண்டும் வெளியே இருந்தால் உள்ளே நசுங்க ஒன்றும் இருக்காது. அதை யோசித்தவன் நல்லவன். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போட்டவன் வேறு ஆள்.

அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். தன் கணக்கை முடித்தவள் முடிக்காதவளின் மிஷினுக்குப் போய் இடது பக்கம் நின்றுகொள்வாள். இடது பொத்தான் அவளுடையது. மிஷின்காரியின் வலது கை வலது பொத்தானில் இருக்கும். இடது கை காலியாகிவிடும் அல்லவா, அது அடித்த பீஸை எடுத்து அடுத்த தகட்டை வைக்கும். வைத்து வெளியே எடுத்ததும் ‘ம்’ என்பாள். இரண்டு பேரும் அழுத்துவோம். பீஸ் மளமளவென்று விழும். இதற்குப் பெயர்தான் கை கொடுப்பது.

சூப்பர்வைசருக்குத் தெரியாதா? “யாராச்சும் அவளுக்கு ஒரு கை குடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு டீ மிஷின் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வெள்ளை ஹெல்மெட் போட்ட ஆடிட் ஆட்கள் வரும் நாளில் யாரும் யாருக்கும் கை கொடுக்கமாட்டோம். அன்று மட்டும் ஏன் பீஸ் குறைகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்களுக்கு டார்கெட்டை விட பஸ்தான் அவசரம். மூன்றரைக்கு ஷிப்ட் முடியும், மூன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே நான் இறங்கிவிடுவேன். அக்கா கடைசி வரை, மாமல்லபுரம். அந்த பஸ்ஸை விட்டால் மூன்று வண்டி மாறவேண்டும். மகளுக்கு அப்போது நாலு வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். அந்தம்மா ஐந்து மணிக்குப் பால் சொசைட்டி வேலைக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு பிள்ளை வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

எட்டு வருஷம் முன்பு ஒரு நாள் காலையில் அக்கா மிஷினில் அச்சு மாற்றினார்கள். அதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. மூன்று மணிக்கு நான் முடித்துவிட்டு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“வாடி, ஒரு கை குடு. கொஞ்சந்தான் பாக்கி” என்று கூப்பிட்டாள். “ஒண்ணாப் போவலாம்.”

போய் நின்றேன். ம், அழுத்து. ம், அழுத்து. முப்பது நாற்பது பீஸ் ஆனபிறகு யாரும் ‘ம்’முக்குக் காத்திருப்பதில்லை, உடம்புக்கே தெரிந்துவிடும். என் கண் ஷாப் கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் இருந்தது. ஒரு தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை நேராக்க அக்காவின் இடது கை மறுபடி உள்ளே போயிருக்கிறது. அவள் வலது உள்ளங்கை அரை மணி நேரமாக இருந்த இடத்திலேயே, பொத்தான் மேல் இருந்தது. நான் அழுத்தினேன்.

அவள் ‘ம்’ சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மிஷினுக்கு இரண்டு பொத்தானும் வேண்டும். ஒன்றை அவள் அழுத்தினாள், ஒன்றை நான் அழுத்தினேன். அச்சு இறங்கிய சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. எப்போதும் கேட்கிற அதே சத்தம்.

கட்டைவிரல் தப்பித்தது. மற்ற நாலும் போய்விட்டன. அக்கா கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள், ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி. பிறகு அவளை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கார் போனதும் சூப்பர்வைசர் ஒரு பெட்டியிலிருந்து அட்டையைக் கிழித்து மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகினார். பொத்தான் அழுந்தியபடி நின்றுவிட்டது. அக்கா தானே அட்டை வைத்து ஒற்றைக் கையால் ஓட்டினாள் என்று ஆகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ உன் மிஷின்லதான் இருந்த. திரும்பிப் பாக்கல. இன்னா?”

“சரி சார்.”

“உனக்குக் கை குடுக்கறேம்மா, புரிஞ்சிக்கோ. போ, பஸ் போயிடப் போவுது.”

போனேன். கை கழுவினேன், கையில் ஒன்றும் படவில்லை என்றாலும் கழுவினேன். எங்கள் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அக்கா எங்கே என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கையில் அடி என்று சொன்னேன். பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. இறங்கிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன், உப்புமா கிண்டினேன், நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். ஆனால் தூங்கியது உண்மை.

மூன்றாம் நாள் ஆறு பேர் சேர்ந்து ஹார்லிக்ஸ், ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்ற ஐந்து பேரும் அழுதார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு பஸ்ஸு கெடச்சுதா?”

“கெடச்சுதுக்கா.”

“நல்லதாப் போச்சி. புள்ள தேடியிருக்கும்.”

குத்திக்காட்டவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது, திட்டத்தான் தெரியும். திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேனோ என்னவோ. வாங்கிப் போன ஆப்பிளில் ஒன்றை அவளே எனக்கு எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைக்கு என்று.

விசாரணை வைத்தார்கள். நான் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: என் மிஷினில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை, எங்கள் ஷாப்பில் ஒரு மிஷினை ஒருத்தர்தான் ஓட்டுவோம். அக்கா அட்டையைத் தானே வைத்ததாக ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டால் உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறோம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், அவளும் நம்பிவிட்டாள். ஆனால் அதற்காக மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுக்கு ரெண்டு பேரு வேலையும் போவணும்?” என்று போனில் ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பாதுகாப்பு விதியை மீறியதாகச் சொல்லி அவளை வேலையை விட்டு எடுத்தார்கள். அதை எதிர்த்துத்தான் அவள் கேஸ் போட்டாள். மூன்று மாதத்தில் என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள் நான். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் அறுவடைக் கூலிதான் வாங்கினார். அந்தச் சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அடுத்த வருஷம் பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி படிக்க ஆள் தேடினார்கள். எனக்குக் குரல் பெரிசு என்று என்னை ஏற்றிவிட்டார்கள். இரண்டு கைகளாலும் மட்டுமே பொத்தானை அழுத்துவேன், என் சக தொழிலாளியின் பாதுகாப்புக்கு நானும் பொறுப்பு, இப்படிப் பத்து வரி. எங்கும் தடுக்காமல் படித்தேன். படித்து முடித்ததும் ஆபீஸர் மைக்கைப் பிடுங்கி, “கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்காரர் இன்றும் அதில்தான் சோறு கொண்டுபோகிறார்.

இப்போது புது மிஷின்கள் வந்துவிட்டன. கை உள்ளே போனால் ஒரு வெளிச்சக் கோடு மறித்து, அச்சு அப்படியே நின்றுவிடும். யாரும் யாருக்கும் பொத்தான் அழுத்தத் தேவையில்லை. புதிதாக வந்த பெண்களிடம் பழைய கதையைச் சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள். நான் சொல்வதுமில்லை.

அக்கா கேட்டதை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” என்றார். “நான் ஓட்ற ஷேர் ஆட்டோவ நம்பியா குடும்பம் கீது?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானும் முடியாது என்று சொல்லத்தான் முடிவு செய்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரு வாரத்தைத் தள்ளிப்போட்டேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டூரிஸ்ட் வேன்களும் கல் அறுக்கும் மிஷின் சத்தமும்தான். ஷேர் ஆட்டோ பிடித்து, கடற்கரைச் சாலையில் ஒரு சவுக்குத் தோப்புக்கு முன்னால் இறங்கிக்கொண்டேன். தோப்புக்குப் பின்னால் ரிசார்ட்டுகளின் துணி துவைக்கிற ஷெட். அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள். சவுக்கு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி வெள்ளைப் படுக்கை விரிப்புகளாகக் காயப்போட்டிருந்தார்கள். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. இடது கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் விரிப்பின் முனையை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டியா? அந்த ரெண்டு மொனையப் புடி” என்றாள்.

பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து உதறவேண்டும், பாதியாக்கி நடந்து வந்து சேர்க்கவேண்டும். அவள் ‘ம்’ என்பாள், நான் நடந்து போய் என் முனைகளை அவள் கையில் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் ‘ம்’ வரும் வரைக்கும் காத்திருந்தேன். நான் ரொம்ப மெதுவாக மடிக்கிறேன் என்று திட்டினாள். இருபது இருபத்தைந்து விரிப்பு மடித்திருப்போம்.

“எழுதிக்கினு வந்தியா?”

“இல்லக்கா.”

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். முடியாது என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயில் வந்தது வேறு.

“அன்னிக்கு நீ ம் சொன்னியாக்கா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “தெர்லடி. சொல்லியிருப்பேன். எந்நேரமும் சொல்லிக்கினுதான இருப்பேன்.” பிறகு, “நீ அழுத்துனன்னு எழுத வாணாம். அங்க நின்னன்னு கூட எழுத வாணாம். எல்லாரும் இப்பிடித்தான் ஓட்டுவோம்னு மட்டும் எழுது. உன் வேலைக்கு ஒண்ணும் வராம வக்கீலம்மா பாத்துக்குவாங்க” என்றாள்.

அப்படியெல்லாம் யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. எதிர்த்தரப்பில் என் பழைய பேப்பரை எடுத்து நீட்டுவார்கள். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும். விரல் போனபிறகும் வேலை போனபிறகும் அவள் என்னை மறைத்து நிறுத்தத்தான் இடம் தேடுகிறாள். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. வெட்கமும் வரவில்லை. பசித்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய் மத்தி மீன் குழம்பும் சோறும் போட்டாள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எட்டு வருஷமாக இப்படித்தான் இருக்கிறேன். எந்த இடத்தில் அழவேண்டும் என்று தெரிகிறது, அதோடு சரி. இது எனக்குப் பயமாக இருக்கிறது.

பஸ் ஏற்றிவிட வந்தாள். முடியாது என்று நான் கடைசி வரை சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

“பேரு, எம்ப்ளாயி நம்பரு, கையெழுத்து. மூணும் இருக்கணும்டி. பேரு இல்லாத பேப்பரு கோர்ட்டுல செல்லாதாம்.”

இன்று லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் கேட்டது ஒரு பக்கம், இத்தனை பக்கம் வந்துவிட்டது. நான் அழுத்தியதை எழுதிவிட்டேன். அட்டையைச் செருகியதை எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன். முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை. அக்கா பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.